பன்னிரண்டு விநாடி அகதிகள்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, அமெரிக்கர்களின் விமான வரலாறு பற்றி வகுப்பில் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நூலகத்துப் படப்புத்தகத்தைப் பார்த்து நானே எழுதினேன். குண்டு போடும் விமானங்கள் இருந்த பக்கங்களை மட்டும் படிக்காமல் தாண்டிவிட்டேன். அவற்றை இலங்கையில் எங்கள் ஊரிலேயே போதுமான அளவு பார்த்திருந்தேன்.

டெனிஷில் விமானத்துக்கு 'ஃப்ளூ' என்று பெயர். அகதிக்கு 'ஃப்ளுக்ட்னிங்'. எங்களை எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் அப்பாவும் விமானத்தில் வந்தவர்கள்தானே, விமானத்தில் பறக்கிற எவருக்கும் அதுதான் பெயர் என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன்.

உலகத்தின் முதல் அகதிகள் அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணனும் தம்பியும், அவர்கள் முதல்தரம் பன்னிரண்டு விநாடிகள்தான் அகதியாக இருந்தார்கள் என்று வகுப்பில் உரத்துச் சொன்னேன். பிறகு ஒருவர் தனியாக அத்திலாந்திக்கைத் தாண்டி முப்பத்து மூன்றரை மணித்தியாலம் அகதியாக இருந்தார். விமானப்படைக்காரர் ஒருவர் ஒலியையே முந்திய அகதி. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்காமல், தப்பி ஓடி வந்தவர்களுக்குத்தான் அந்தப் பெயர் என்று மெதுவாகத் திருத்தினார்.

வீட்டில் சொன்னபோது அப்பாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு வெட்கமும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தன.

"பிளேன் இவ்வளவு வேகமெண்டால் அம்மா ஏன் ரெண்டு வருசமா வரேல்லை?"

அம்மாவும், நாங்கள் புறப்பட்டபோது கைக்குழந்தையாக இருந்த தம்பியும் கொழும்பில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட அப்பா போட்ட விண்ணப்பம், எங்களைப் போன்ற தமிழர்கள் பலரின் விண்ணப்பங்களோடு, தலைநகர் கோபன்ஹேகனில் அரசாங்கத்தால் வேண்டுமென்றே கிடப்பில் போடப்பட்டிருந்தது. அது நாடறிந்த கதையானது பிறகுதான்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. "பிளேன் பிந்துது, பிள்ளை," என்றார். இரண்டு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் இப்போது நான் புத்தகம் படித்தவள். ஒலியை முந்துகிற பிளேன் இரண்டு வருடம் பிந்தாது என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் வர மனமில்லாதது அம்மாவுக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து அம்மா தொலைபேசி எடுத்தார். அப்பா ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"அம்மாவோட கதை, பிள்ளை."

"மாட்டன்."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்பாவின் கையிலிருந்து அம்மாவின் குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தது. வர விருப்பமில்லாத அம்மா என்னை எதற்கு இத்தனை தரம் கூப்பிடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.