கல்லின் பின்பக்கம்

சாப்பாட்டு மேசை நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டுகளை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் வெர்னா டில்மன் அதில் உட்காருவார். மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று பத்தொன்பது சீட்டுகள். ராணுவம் ஊர் மாற்றச் சொன்ன ஒவ்வொரு முறையும் சாமான் கட்ட வந்தவர்கள் ஒட்டிய எண்கள் அவை.

"பிச்சுப் போட்டா என்னம்மா?" என்பாள் மகள் டெனிஸ்.

"எதுக்குடி? உங்கப்பாவுக்கு நெஞ்சு நிறைய மெடல். எனக்கு இதுதான்."

வெர்னா ஆசிரியை. அதாவது, ஆசிரியையாக இருந்திருக்க வேண்டியவர். மாநிலத்துக்கு மாநிலம் தனித் தேர்வு, தனி உரிமம். ஏழு மாநில உரிமங்கள் பிஸ்கட் டப்பாவில் மடித்துக் கிடக்கின்றன. எந்த வகுப்பும் அவருடைய கையில் ஒரு வருடத்தைத் தாண்டியதில்லை. குழந்தைகளின் பெயர்கள் மனதில் பதிந்த வேளையில், கணவர் சார்ஜன்ட் கிளைட் தொப்பியைக் கழற்றியபடி வாசலில் நிற்பார். "ஆர்டர் வந்துடுச்சு, கண்ணு." உன் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று அந்த மனிதர் ஒருநாளும் கேட்டதில்லை. வெர்னாவும் அழுததில்லை. அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்குவார்.

போன மாதம் எண்பதாவது பிறந்தநாள். பேத்திகள் ஆர்டர் செய்த கேக்கில் நீல எழுத்தில், 'அர்ப்பணிப்புள்ள ராணுவ மனைவி, அன்பான பாட்டி.' எல்லோரும் கைதட்டினார்கள். வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"எல்லாம் சரி. இதுல என் பேரு எங்கடி?"

பேத்திகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கிளைட் இறந்து பதினொரு வருடம். டெக்சாஸில், முகாமுக்கு அடுத்த ராணுவக் கல்லறையில் படுத்திருக்கிறார். ராணுவ விதிப்படி, மனைவி இறந்தால் அவளுக்கும் அதே குழிதான். அதே கல்லின் பின்பக்கம் அவளுடைய பெயர். அதற்குக் கீழே 'அவரது மனைவி'. ஞாயிறுதோறும் வெர்னா கல்லின் முன்பக்கத்தைத் துடைப்பார். பிறகு பின்னால் போய், எழுத்தில்லாத அந்த வெள்ளைப் பரப்பை வெறித்துக்கொண்டு நிற்பார்.

கிளைட்டின் குழியிலேயே இடம் கேட்கும் படிவத்தை டெனிஸ் நீட்டியபோது, வெர்னா கையெழுத்துப் போடவில்லை.

"ஓக்லஹோமாவுல எங்கம்மா பக்கத்துல என்னைப் போடுங்க. தனிக் கல்லு. முன்பக்கம் என் பேரு."

"அம்மா! அப்பா அங்க தனியாக் கிடப்பாரே!"

"யாரு, உங்கப்பாவா? சுத்தி நாலாயிரம் பேர் வரிசையாப் படுத்திருக்காங்க. அவருக்கு அதுதாண்டி குடும்பம்."

"ஊரு என்ன சொல்லும்?"

"அம்பது வருஷமா எந்த ஊருல இருந்தேன், ஒரு ஊரு பேச?"

மறுவாரம் டெனிஸ்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரோட்டினாள். ஓக்லஹோமாவின் அந்தச் சிற்றூர்க் கல்லறை அலுவலகத்தில் வெர்னாவின் குரல் கணீரென்று ஒலித்தது.

"பேருக்குக் கீழே என்ன போடட்டும்மா?" என்றார் குமாஸ்தா.

"டீச்சர்னு போடுங்க. அது போதும்."

"பதிவுக்கு உங்க அரசாங்க அடையாள எண்ணோட கடைசி நாலு நம்பர் சொல்லுங்க."

"நாலு, ரெண்டு, ஒன்பது, ஏழு." மூச்சு விடுவதற்குள் சொல்லி முடித்தார்.

மூலையில் உட்கார்ந்திருந்த டெனிஸ் மெல்ல எழுந்தாள். "அம்மா... அது அப்பா நம்பர்."

ராணுவ மருத்துவமனை, ராணுவக் கடை, பிரசவ வார்டு என்று எங்கு போனாலும் வெர்னாவிடம் கேட்டது கணவரின் அந்த நான்கு எண்களைத்தான். அரை நூற்றாண்டாக அவர் சொல்லி வந்ததும் அவற்றைத்தான்.

"பரவாயில்லம்மா, உங்களோடதைச் சொல்லுங்க."

வெர்னா வாயைத் திறந்தார். தன் எண் நினைவுக்கு வரவில்லை. கைப்பையைக் கவிழ்த்தார். சாவி, மாத்திரை, பேத்திகளின் படங்களுக்கு அடியிலிருந்து ஓரம் மஞ்சளாகிப்போன தன் அடையாள அட்டையை எடுத்தார். அதை மேசையில் வைத்து, முதல் வகுப்புக் குழந்தை போல ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே விரலை வைத்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே, படிவத்தில் எழுதத் தொடங்கினார்.