இரும்புக்கு மட்டும் விடுமுறை

ஆயுத பூஜையன்று காலை ஐந்தரை மணி. கள்ளக்குறிச்சியில் நான் போய்வந்த ஜிம்மில் முதலில் கண்ணில் பட்டவை, சந்தனமும் குங்குமமும் வைத்த டம்பெல்கள். அவை வாழையிலைமேல் ஓய்வெடுத்தன. பக்கத்திலேயே ஆறு பேர் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் அவர்களுக்கு நடுவே நடந்தார். உடம்பைப் பிடிக்கும் பனியன், கழுத்தில் தையல்காரர் டேப். பேச்சுக்கு நடுவே தன் புஜத்தைத் தானே அளந்துகொள்வார். நான் பார்த்தவரை அந்த அளவு மாறியதே இல்லை. உடம்பைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் அந்த டேப்புக்குள் அடங்கிவிடும்.

பொங்கலுக்குச் சேலத்தில் நடக்கவிருந்த ஆணழகன் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த கரியாலூர்க்காரர் எழுந்து நின்றார்.

"மாஸ்டர், ரொம்ப மாசமா கை சுத்தளவு ஏறவே மாட்டேங்குது. பத்து நாள் வுட்டுட்டு வந்தா மறுபடி ஏறுமாம்."

"எவன் சொன்னான்? வூட்ல குந்திக்கினு இருந்தா இருக்கிற கையும் கரைஞ்சி பூடும்."

"இரும்புக்கே லீவு வுட்டிருக்கீங்களே மாஸ்டர்."

"இரும்பு சாமிடா. நீ இன்னா சாமியா? போடு தண்டால்."

மற்றவர்கள் தரையைப் பார்த்தபடியே சிரித்தார்கள்.

கரியாலூர்க்காரர் அன்றே ஊருக்கு பஸ் ஏறினார். பத்து நாள் எதையும் தூக்கவில்லை. திரும்பி வந்தவரிடம் மாஸ்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பயிற்சியைத் தொடர்ந்ததும் அவர் கை மெல்ல ஏறத் தொடங்கியது. சேலத்தில் இரண்டாம் பரிசு வாங்கினார்.

இப்போது ஜிம் வாசலில் அவர் படம் போட்ட ஃபிளெக்ஸ் இருக்கிறது. மாஸ்டரின் படம் அதைவிடப் பெரிது. கீழே, 'ஒருநாள்கூட விடாத பயிற்சியின் வெற்றி' என்று எழுதியிருக்கிறது.