வேலி இல்லாத பள்ளமும் காண்ட்ராக்டர் வீட்டம்மாவும்

காண்ட்ராக்டருக்கு ஊரில் ‘அப்புறம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பில்லில் கையெழுத்துப் போடும்போது மட்டும் வெளியே வரும். எதைக் கேட்டாலும் “அப்புறம் பாத்துக்கலாம்” என்பார். தோண்டுவதை மட்டும் அவர் ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை. சாக்கடைக் குழாய் பதிக்க உத்தரவு கைக்கு வந்த மறுநாளே தெருவைக் கிழித்துப் போட்டுவிடுவார். மூடுவதுதான் அப்புறம்.

அவர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தங்களில் பள்ளம் தோண்டுகிறவரின் கடமை என்று ஒரு பத்தி உண்டு. ஓரத்திலிருந்து தள்ளி, சுற்றிலும் உறுதியான தடுப்பு நிறுத்த வேண்டும். அபாயம் என்று பலகை வைக்க வேண்டும். இருட்டினால் விளக்கு எரிய வேண்டும். மண் மூடும்வரை எதையும் எடுக்கக் கூடாது. இந்தப் பத்தியின் மேல் அவருக்கு அபார மரியாதை. அதற்காகவே இரும்புத் தடுப்புகள் செய்து, மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாகப் பெயின்ட் அடித்து, குடோனில் துணி போர்த்தி வைத்திருந்தார். பள்ளத்தோரம் கொண்டுபோய் வைத்தால் வெயிலும் மழையும் பட்டுப் பாழாகிவிடும் அல்லவா.

மேற்பார்வை பார்க்கும் இன்ஜினியர் நாகரிகம் தெரிந்த மனிதர். சொல்லாமல் கொள்ளாமல் யார் வேலையிடத்துக்கும் போகமாட்டார். “கிளம்பிட்டேன்” என்று ஒரு போன் வரும். அவர் வந்து சேர்வதற்குள் தடுப்புகள் மினி லாரியில் வந்து பள்ளத்தைச் சுற்றி நின்றுவிடும். அவர் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகும்போது, அவையும் குறுக்குச் சந்து வழியாக அங்கே போய்விடும். நடுவில் ஒடுங்கிப்போன ஒரு தடுப்பு எல்லாத் தெருவிலும் அவரை வரவேற்றது. அவர் அதை விசாரித்ததில்லை. பழகிய முகம் என்று விட்டிருப்பார்.

மற்ற நாட்களில் அந்தத் தடுப்புகள் சும்மா கிடக்கவில்லை. தள்ளுபடி விற்பனை போடுகிற கடைகளின் வாசலில் கூட்டத்தை வரிசைப்படுத்த வாடகைக்குப் போய்வந்தன. பள்ளங்களுக்கு? ஒரு மரக்கிளையை ஒடித்து மண்ணில் நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டிவிடுவார். கண் இருக்கிறவன் பார்த்துப் போவான் என்பது அவருடைய பாதுகாப்புக் கொள்கை.

அவர் மனைவி பஸ் நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் டிக்கெட் கொடுக்கிறவள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே, முட்டி மோதும் கூட்டத்தைக் குரலால் ஒழுங்குபடுத்திப் பழகியவள். வீட்டில் அந்தக் குரலுக்கு அதிகம் வேலை வைக்கமாட்டாள். ஆபீசோடு போகட்டும் என்று விட்டிருந்தாள்.

அவர்கள் வீட்டுத் தெருவையே தோண்டும் முறை வந்தது. ஆள் மார்பளவு ஆழத்துக்கு, வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பள்ளம். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்திருந்தார்கள். காலைச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள்.

“என்னங்க, வெளியில இவ்வளவு பெரிய பள்ளம் தெறந்து கெடக்கு. சுத்தி ஒண்ணும் நிறுத்தலையா?”

“கொடி நட்டிருக்கேன் பாரு.”

“அந்தத் தடுப்பெல்லாம் எங்க?”

“ஒரு அவசரத்துக்குப் போயிருக்கு. அப்புறம் பாத்துக்கலாம்.”

அந்த அவசரம், கடைத்தெருவில் இருந்த செருப்புக்கடையின் ஆண்டு விற்பனை.

அவள் கைப்பையையும் சாப்பாட்டுப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். பள்ளத்தைத் தாண்டும்போது கிளையில் ஆடிக்கொண்டிருந்த துணி கண்ணில் பட்டது. சிவப்பில் பொடி வெள்ளைப் பூ. லாண்டரிக்காரர் தொலைத்துவிட்டார் என்று கணவர் வந்து சொன்ன அவளுடைய சேலை மாதிரியே இருந்தது. அந்தச் சேலைக்காக லாண்டரிக்காரரோடு சண்டை போட்டு, இன்றுவரை முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறாள். சந்தேகம் தீர்த்துக்கொள்ள நெருங்கிப் போய்க் குனிந்தாள். யாரும் கிட்டே வரக்கூடாது என்பதற்காகக் கட்டிய கொடி, அவளைக் கிட்டே கூப்பிட்டு வைத்துக்கொண்டது. அடியில் பொள்ளலாக இருந்த விளிம்பு சரிந்தது. கிளை, கொடி, சாப்பாட்டுப் பை எல்லாவற்றோடும் உள்ளே போய்விட்டாள்.

சத்தம் கேட்டு அவர் பனியனோடு ஓடிவந்தார். வேலையைத் தொடங்க வந்திருந்த மேஸ்திரி ஏணி எடுக்க ஓடினார். இவர் ஏணிக்குக் காத்திருக்கவில்லை, குதித்துவிட்டார். எத்தனையோ தெருக்களில் பள்ளம் தோண்டியிருக்கிறார். மேலே நின்று கைகாட்டித்தான் பழக்கம். உள்ளே நின்று பார்ப்பது வேறாக இருந்தது. அவள் முழங்கால்வரை மண்ணில் புதைந்து, முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாள். கடப்பாரையோ மண்வெட்டியோ கொண்டு கிளற முடியாது, காலில் பட்டுவிடும். வெறும் கையால் மண்ணை அள்ளி வீசினார்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. நான்கு பக்கமும் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள். புதிதாக ஒருவர் வந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கூடை மண் அவர் முதுகில் விழுந்தது. அள்ளுவதைவிட விழுவது அதிகமாக இருந்தது.

“தள்ளி நில்லுங்கய்யா. கிட்ட வராதீங்க” என்று கத்தினார். காண்ட்ராக்டராகி இத்தனை காலத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் கேட்கவில்லை. என்ன சொல்கிறார் என்று கேட்க இன்னும் ஓரடி முன்னால் வந்தார்கள். மேஸ்திரி வந்து ஆட்களைத் தோளைப் பிடித்து இழுத்து விலக்கிய பிறகுதான் மண் விழுவது நின்றது.

அவர் அவள் காலை விடுவித்தபோது வலியோடு வலியாக அவரைப் பார்த்துக் கேட்டாள்: “லாண்டரியில காணாம போச்சுன்னு சொன்னீங்களே.”

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். ஆஸ்பத்திரி நடையில் நின்று அவர் குழந்தை மாதிரி அழுதார். இனிமேல் தடுப்பு இல்லாமல் ஒரு பிடி மண்கூட எடுக்கமாட்டேன் என்று மேஸ்திரியிடம் சொன்னார். வீடு வந்து சேர்ந்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. செருப்புக்கடை விற்பனை வார முடிவுவரை இருக்கிறது, பாதியில் பிடுங்கினால் மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. பள்ளத்தோரம் இரண்டு காலி டிரம்மை வைத்து ஒரு கயிற்றைக் கட்டினார்.

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். மறுநாள் காலை மேஸ்திரியைக் கூப்பிட்டு, பள்ளத்துக்குத் தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கால் நீட்ட ஒரு முக்காலியும் போடச் சொன்னாள். கைத்தாங்கலாகப் போய் உட்கார்ந்தாள். ஆபீஸ் குரல் வெளியே வந்தது.

“அந்த ஓரமா போங்க. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போங்க. சைக்கிள், எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க.”

என்ன ஆயிற்று என்று விசாரித்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில். “என் வீட்டுக்காரர் தோண்டின பள்ளம். தடுப்பு செருப்புக்கடைக்குப் போயிருக்கு. அது வர்ற வரைக்கும் நான் இருக்கேன்.”

காண்ட்ராக்டர் பக்கத்தில் குனிந்து தாழ்ந்த குரலில் கெஞ்சினார். “உள்ள வாம்மா. நாலு பேர் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்னுதான் உக்காந்திருக்கேன். பாத்தா விழமாட்டாங்க.”

அன்று மத்தியானம் இன்ஜினியர் பழப்பையோடு நலம் விசாரிக்க வந்தார். சொந்த விஷயம் என்பதால் போன் செய்யவில்லை. டிரம்மையும் கயிற்றையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னய்யா இது? போன வாரம் போட்டோவுல எல்லாம் சரியா இருந்ததே.”

காண்ட்ராக்டர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். “நீங்க போன் பண்ணிட்டு வந்தா எல்லாம் சரியா இருக்கும் சார். நான் போன் பண்ணாம விழுந்துட்டேன்.”

இன்ஜினியர் பழப்பையைக் கீழே வைத்தார். பிறகு அதை ஏன் கீழே வைத்தோம் என்பதுபோலக் கையில் எடுத்துக்கொண்டார். தடுப்பு நிற்கும்வரை வேலை நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பினார். அடுத்த நாள் முதல் அவர் போன் செய்வது நின்றுபோனது. கடமை உணர்ச்சி எந்த வயதிலும் வரலாம்.

அன்று சாயங்காலமே தடுப்புகள் வந்து இறங்கின. கடைக்காரர் ஒட்டிய விளம்பரத்தைக் கிழிக்க நேரமில்லை. பள்ளத்தைச் சுற்றிலும் ‘ஒரு ஜோடி வாங்கினால் ஒரு ஜோடி இலவசம்’ என்று பெரிய எழுத்தில் நின்றது.

அவள் படித்துப் பார்த்தாள். “ஒரு கால உடைச்சுக்கிட்டா இன்னொண்ணு இலவசமா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் சிரித்துவிட்ட பிறகுதான் சிரித்தார். பிறகு அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். லாண்டரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கவும் அவரையேதான் அனுப்பினாள்.

எலும்பு கூடி அவள் கவுண்டருக்குத் திரும்பினாள். குளிர் நாளில் முறிந்த காலை லேசாகச் சாய்த்துத்தான் நடக்கிறாள். அவர் திருந்தினாரா, பயந்தாரா என்று தெருவில் இன்னும் முடிவாகவில்லை. தடுப்பு மட்டும் கடப்பாரைக்கு முன்னால் போய் நிற்கிறது.

ஒரு மழை நாளில், வேறொரு தெருவில், பைக்கில் வந்த ஒருவர் சுற்றிக்கொண்டு போக மனமில்லாமல் தடுப்பை நகர்த்தப் பார்த்தார். காண்ட்ராக்டர் குடையோடு குறுக்கே நின்றார்.

“யோவ், விழுந்தா நான்தானே விழப்போறேன். உனக்கு என்னய்யா?”

“எறங்கி அள்ளப்போறது நான்யா.”

பைக்கில் வந்தவர் இவருக்குப் பைத்தியம் என்று தீர்மானித்து, வண்டியைத் திருப்பி, நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். காண்ட்ராக்டர் சாய்ந்திருந்த தடுப்பை நிமிர்த்தி வைத்தார்.