லெக்டர் இல்லாத படம்

சபினா ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. போலந்தில், ராதோம் நகரில் எங்கள் குடியிருப்பில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரவர் வீட்டு டிவியில் எல்லோரும் ஒரே படத்தைத்தான் பார்ப்போம். மறுநாள் காலை சபினா வீட்டு அடுப்படியில் நானும் அவளும் உட்கார்ந்து அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்போம். கிளாஸில் காபித்தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றினால் தூள் அடியில் இறங்கக் கொஞ்சம் நேரமாகும். அதற்குள் அவள் தீர்ப்பு வந்துவிடும்.

"படம் முழுக்க அழுதாளே அந்தப் பொம்பளை, ஒரு வேளையாவது சமைச்சாளாடீ? புருஷன் ஓடாம என்ன செய்வான்?"

ரயில்பெட்டித் தொழிற்சாலை கேன்டீனில் ஆயுசு முழுக்கச் சூப் கிண்டியவள். குடிகாரப் புருஷனைப் பெட்டியும் கையுமாக மாடிப்படியில் இறக்கிவிட்டு, மகன் வித்தோல்டை ஒற்றையாளாக வளர்த்து, இன்ஜினியராக்கி வார்சாவுக்கு அனுப்பினாள். அவளிடம் யார் வாயைக் கொடுப்பார்கள்? நான் கொடுப்பேன். எனக்கும் நாக்கு நீளம்தான்.

வெளிநாட்டுப் படம் என்றால் எங்கள் டிவியில் ஒரே ஒரு ஆண்குரல்தான். கதாநாயகன், காதலி, குழந்தை, கொலைகாரன் எல்லோர் பேச்சையும் அந்த ஒரே மனிதர், மளிகைச் சீட்டை வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் போலிஷில் வாசித்துக்கொண்டே போவார். லெக்டர் என்போம். "எனக்கு அவர் ஒருத்தர் போதும், நடிக்கிறவங்க எதுக்கு?" என்பாள் சபினா. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் மாதம் எங்கள் நாட்டுப் படம் ஒன்று போட்டார்கள். அதற்கு லெக்டர் வேண்டாமே. கடைசிக் காட்சியில் பேச்சும் இல்லை. கதாநாயகி தனியாக உட்கார்ந்திருக்கிறாள், கதவு திறந்து மூடுகிறது, சங்கீதம், முடிந்தது.

"போயிட்டான் பாரு, படுபாவி! கதவைச் சாத்திட்டுப் போயே போயிட்டான்," என்றாள் சபினா மறுநாள்.

"என்னடீ உளர்றே? அவன்தான் திரும்பி வந்துட்டானே! கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டினானே!"

சபினா கெட்டிலை எடுத்து எனக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றினாள். விரல் நுனியைக் கிளாஸுக்குள் விட்டு, வெந்நீர் தொட்டதும் நிறுத்தினாள். அவள் கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தேன், இமை அசையவில்லை.

"எப்போலேருந்துடீ?"

"ரெண்டு குளிர்காலமாச்சு. நடுவுல ஒண்ணும் தெரியல, ஓரத்துல மட்டும் நிழலாட்டம் தெரியுது. இனி திரும்பாதுன்னுட்டாங்க டாக்டருங்க."

"வித்தோல்டுக்குத் தெரியுமா?"

"சொன்னே, கொன்னுடுவேன் உன்னை! வழுக்கி விழுந்ததுக்கே என்ன ஆட்டம் ஆடினான்? இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா வீட்டை வித்துட்டு என்னோட வந்துடணும்னுட்டான். அங்க நான் எந்தச் சுவரைப் பிடிச்சுட்டு நடப்பேன்? இங்க ஒவ்வொரு சுவரும் எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

அக்டோபரில் அவள் பெயர் நாள், அதாவது அவள் பெயர்கொண்ட புனிதையின் திருநாள், வந்தது. எங்களுக்குப் பிறந்தநாளைவிட அதுதான் பெரிசு. வித்தோல்ட் புது டிவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மத்தி மீன் ஊறுகாய், உருளைக்கிழங்கு சாலட், கசகசா கேக் எல்லாம் மேஜையில் இருந்தன. ஏதோ வெளிநாட்டுப் படத்தைப் போட்டான்.

"லெக்டரை நிறுத்திட்டேம்மா. அது கிழவங்களுக்கு. கீழே எழுத்து ஓடும், படிச்சுக்கலாம்."

"நல்லதுடா," என்றாள் சபினா. அவள் முகம் வெளிறிப்போயிற்று. படம் முடிந்ததும் "எப்படிம்மா?" என்று கேட்பான். சின்ன வயசிலிருந்து அவள் தீர்ப்பைக் கேட்டே வளர்ந்தவன், கேட்காமல் விடமாட்டான்.

நான் கண்ணாடியை மாட்டினேன். முதல் வரி வந்ததும் வாய்விட்டு வாசித்தேன். "'வண்டி எங்கே?' 'தெரியாது, அப்பா.' 'பொய் சொல்லாதே.'"

"ஜீட்டா அத்தை, மனசுக்குள்ள படிங்களேன்!"

"வாய் அசைஞ்சாத்தான் எனக்கு எழுத்து ஏறும்டா. பிடிக்கலேன்னா காதுல பஞ்சு வெச்சுக்கோ."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். நான் நிறுத்துவேனா? அப்பா, மகள், போலீஸ்காரன் எல்லோருக்கும் நானே வாசித்தேன். தொண்டை வறண்டது. சபினா மேஜையைத் தடவித் தண்ணீர்க் கிளாஸை என் பக்கம் தள்ளினாள்.

கடைசிக் காட்சியில் எழுத்தே வரவில்லை. ரயிலடியில் மகள் நிற்கிறாள், அப்பன் எதிரே வருகிறான். எனக்கு வாசிக்க எதுவும் இல்லை. சபினா மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அட, கிழவன் தொப்பியைக் கழட்டிட்டான் பாரேன்!" என்றேன், பொதுவாகச் சொல்வதுபோல. "அவ பெட்டியைத் தூக்கிட்டான். ரெண்டு பேரும் வீட்டுப் பக்கம் நடக்கிறாங்க."

"தெரியுதுடீ," என்று எரிந்து விழுந்தாள் சபினா. "எனக்கென்ன கண்ணா இல்ல?"

"எப்படிம்மா படம்?" என்று கேட்டேவிட்டான் மகன்.

"அந்த அப்பனுக்கு ரெண்டு அறை விட்டிருக்கணும். வண்டி பெரிசா, மக பெரிசா? தொப்பியைக் கழட்டுறதுக்கு அவனுக்கு ஒரு படம் முழுக்க வேணுமாக்கும்!"

வித்தோல்ட் விழுந்து விழுந்து சிரித்தான். "நீ மாறவே இல்லம்மா!" வீட்டை விற்கும் பேச்சையே எடுக்காமல் வார்சாவுக்குக் கிளம்பினான்.

கார் போகிற சத்தம் அடங்கும்வரை சபினா ஜன்னலோரம் நின்றாள். நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நீ வாசிச்சது நல்லாவே இல்லடீ," என்றாள்.

"ஏன்டீ? என்ன குறை?"

"கடைசியில குரல் உடைஞ்சுபோச்சு. லெக்டர் அழமாட்டார். அடுத்த தடவை ஒழுங்கா வாசி."