ரேடார் வண்டி டிரைவரின் மனைவி

என் கணவர் விமானப்படையில் ரேடார் இயக்குபவர். லாரியில் ஏற்றிய பெரிய ரேடார் அது. வெகுதூரத்தில் வரும் விமானத்தையும் காட்டிவிடும். ஆனால் அதை இயக்கியதும் அது நிற்கும் இடம் எதிரிக்கும் தெரிந்துவிடும். அதனால் அடிக்கடி இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

எல்லையில் சண்டை மூண்ட வாரம் நான் ஐயம்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். ஒரு மத்தியானம் வேறு யாருடைய போனிலிருந்தோ அவர் பேசினார்.

"நான் நல்லாகீறேன்மா. வண்டிய நகத்துறதுக்குள்ள குண்டு வுழுந்துடுச்சு. டிரைவர் போயிட்டாரு. அவங்க வூட்டுக்கு ஆபீசருங்கதான் சொல்லணும். நீ யார்கிட்டயும் சொல்லிடாத."

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான்.

அந்த டிரைவரின் மனைவி குவார்ட்டர்ஸில் எனக்கு அடுத்த வீடு. அப்போது மாமியாரோடு ஆரணியில் இருந்தாள். கால் மணி நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க வூட்டுக்காரரு பேசினாரா?"

"இல்லமா, இன்னும் பேசல."

"அப்போ ரெண்டு பேருக்குமே டவர் கெடைக்கல போலக்குது" என்று சிரித்தாள்.

சாயங்காலம் அதிகாரிகள் அவள் வீட்டுக்குப் போனார்கள்.

காரியம் முடிந்ததும் போய்ப் பார்த்தேன். "நான் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்றாள். தெரியும் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமியார் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.