பீலிக்கு வந்த விளக்கு

நேற்றுத் தலவாக்கலைக்குப் போன பஸ்ஸுக்கு முன்னால் பிரதேச சபையின் குப்பை டிராக்டர் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. லீக்ஸ், கோவா என்று அழுகிய காய்கறிகளின் நாற்றம். பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தவில்லை. எனக்கு அது பழகிய நாற்றம். எங்கள் பீலியைக் கொன்ற நாற்றம்.

பீலி தெரியும்தானே? மலை ஊற்று நீரைக் குழாய் வைத்து இறக்கியிருப்பார்கள். தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளான எங்கள் லயத்துக்குக் குடிக்க, குளிக்க, ஊர்வம்பு பேச எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். தண்ணீரை வாயில் வைத்தால் பல் கூசும். அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன், விடியாத இருட்டில் குடத்தோடு இறங்குவார். பீலிப் பாதை வளைவில் வழுக்கி விழாத பெண் எங்கள் லயத்தில் கிடையாது.

பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் குடியிருந்த மாமா நின்றார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான் என்பதால் மைக் என் கைக்கு வந்தது. மூச்சுக்கு மூச்சு “மக்கள் தொண்டர்” என்று முழங்கினேன், எனக்கே புல்லரித்தது. அவர் வென்றதும் பெண்கள் பட்டாசு கொளுத்த, ஆண்கள் அவரை மாரியம்மன் கோயில்வரை தோளில் தூக்கிப் போனார்கள். மறுநாளிலிருந்து அவர் மெம்பர்.

“மாமா, பீலி வளைவுல ஒரு லைட்டு போட்டுக் குடுங்க. அது போதும்.”

“அட, இது ஒரு விசயமா? மொதக் கூட்டத்துலயே பேசிப்புடுறேன்.”

பேசினார். திரும்பி வந்து சொன்னார்: “தோட்டத்து நெலம் கம்பெனிக்காரங்க கையிலம்மா. சபைக் காசுல அங்க ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. சட்டம்.”

நம்பினோம். சட்டம் அப்போது அப்படித்தான் இருந்தது. சபையின் தெருவிளக்குகள் தோட்டத்து எல்லைவரை வரிசையாக வந்து நின்றுவிடும். எல்லைக்கு உள்ளே வாக்காளர்கள் மட்டும்தான் இருந்தோம்.

ஆனால் அடுத்த மழைக்காலத்தில் அந்த எல்லையைத் தாண்டிச் சபையின் டிராக்டர் வந்தது. டவுன் சந்தையின் கழிவையெல்லாம் பீலிக்கு மேலிருந்த பள்ளத்தில் கொட்டியது. மழை அதைக் கரைத்து இறக்க, தண்ணீர் மஞ்சளாக வந்தது. பிள்ளைகளின் உடம்பெல்லாம் கொப்புளம்.

மாமா வாசலில் போய் நின்றோம். நான்தான் கேட்டேன்: “லைட்டு போடத்தான் சட்டம் இல்ல. குப்ப கொட்ட மட்டும் இருக்கா?”

“அது சபைத் தவிசாளரும் தோட்டத்துத் தொரையும் பேசிக்கிட்டது. சபையில ஓட்டுக்கு விட்டாங்க. நா ஒருத்தன் எதுத்துக் கைய தூக்கி என்னா ஆகப் போகுது?”

“தூக்குனீங்களா மாமா?”

அவர் சால்வையை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

அம்மா சிரித்தார். “அவரச் சொல்லாத புள்ள. நம்மதானே தோள்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சோம். அவருக்குக் கையத் தூக்கவே மறந்துபோச்சு.”

லயமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை. ஒரு கை, ஒரே ஒரு கை உயர்ந்திருந்தாலும் தோற்றிருப்போம்தான். ஆனால் எங்களுக்காக ஒருவர் தோற்றார் என்றாவது இருந்திருக்கும்.

பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். தோட்டத்துக்குள்ளும் சபை செலவழிக்கலாம் என்றானது. மாமா ஓடிவந்து அந்த வளைவிலேயே கம்பம் நட்டார். கம்பத்தில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

பீலியின் குழாயைக் கழற்றி வெகுகாலமாகிவிட்டது. அம்மாவும் மற்றவர்களும் மேல் லயத்துத் தண்ணீர்த் தாங்கியடியில் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். வளைவில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. யாரும் இறங்காத அந்தப் பாதைக்கு, பொழுது சாய்ந்ததும் தவறாமல் விளக்கு எரிகிறது.