மாரப்பன் பேரில் இரண்டு படங்கள்

மாரப்பன் திருப்பூரில் ஒரு ஜின்னிங் பேக்டரியில் பதினாறு வருஷமாகப் பருத்தி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற இடம் அது. தூசு மூக்கு வழியே உள்ளே போகும், இருமலாக வெளியே வரும். பருத்தி வரத்து நின்றால் வேலையும் நின்றுவிடும். வருஷத்தில் நாலு மாதம் வீட்டில்தான் இருப்பார்.

1958இல் ஊருக்கு வெளியே இருந்த ஒரு நூல் மில்லில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பன்னிரண்டு மாதமும் சம்பளம். மாரப்பனுக்கு அப்போது முப்பத்துநாலு வயது, மூன்று பிள்ளைகள். மில் டாக்டரிடம் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார்கள். இருமிக்கொண்டே போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், தன் பேரில் தம்பி மணியனை அனுப்பினார். மணியன் மூட்டை தூக்குகிறவன். இருபத்திரண்டு வயது. அவன் இருமி யாரும் கேட்டதில்லை. மில் டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை, சீட்டைத்தான் பார்த்தார்.

நாலாம் நாள் பதில் வந்தது. மாரப்பனுக்கு இடது நெஞ்சில் டி.பி. பெரியாஸ்பத்திரியில் காட்டி, நோய் இல்லை என்று ஒரு மாதத்துக்குள் எழுதி வாங்கி வந்தால் வேலை உண்டு.

நோய் யாருடையது என்று ஒரு வாரம் வரை வீட்டில் முடிவாகவில்லை.

"சீட்டுல உங்க பேருதானுங்கண்ணா இருக்குது" என்றான் மணியன்.

"நெஞ்சு உன்னுதுடா."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. இருமறது நீங்க. அந்த மிசினுக்குத் தெரியாமயா போயிரும்?"

மாரப்பனின் மனைவி பொன்னாத்தாளுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. தினம் ஒரு முட்டை அவித்து மாரப்பனுக்குக் கொடுத்தாள். நோய்க்காரன் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாரப்பன் மில்லில் கொடுத்த படத்தை எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குத் தானே போனார். அங்கே இன்னொரு படம் எடுத்தார்கள். டாக்டர் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது யாருது?"

"என்னுதுங்க."

"இது?"

"அதும் என்னுதுங்க."

"ஒண்ணுல ஓட்டை இருக்கு. ஒண்ணுல இல்ல. பன்னண்டு நாள்ல எப்படிய்யா ஆறுச்சு?"

"முட்டை சாப்பிட்டனுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தம்பியைக் கூட்டிவரச் சொன்னார். தொண்ணூறு நாள் தினம் ஊசி, அப்புறம் ஒரு வருஷம் மாத்திரை, எல்லாம் இலவசம். விட்டுவிட்டால் பையன் ரெண்டு வருஷம் தாங்க மாட்டான். ஊசிக்காகப் பேர் எழுதிக் கார்டு போட்டதும் சுகாதார இன்ஸ்பெக்டர் தெருவுக்கு வந்து, அந்தப் பேரைச் சொல்லி வீட்டை விசாரிப்பார்.

மணியனுக்கு மங்கலத்தில் பெண் பேசி உறுதி செய்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் காலையில் வந்தால் மங்கலத்துக்குச் சாயங்காலமே தெரிந்துவிடும். செத்தாலும் கார்டு வேண்டாம் என்றான் மணியன்.

மறுநாள் மாரப்பன் டாக்டரிடம் போனார். "எம்பேருலயே கார்டு போடுங்க சாமி. எனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே."

"யார் பேருன்னாலும் ஊசி ஒண்ணுதான். ஆனா, நோய் இருக்குன்னு கார்டும் இல்லைன்னு சர்ட்டிபிகேட்டும் ஒரே பேருக்குத் தர மாட்டேன். எது வேணும்?"

மாரப்பன் ஆஸ்பத்திரிச் சுவரோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். மில்லுக்குப் போனால் பன்னிரண்டு மாதமும் அரிசி வாங்கலாம். தம்பி படுத்துவிட்டால் அதில் பாதி அவனுக்குச் செலவாகும். அப்புறம் அவனும் இருக்க மாட்டான். மாரப்பன் உள்ளே போய்க் கார்டை வாங்கிக்கொண்டார்.

"ஏனுங்க, வந்த வேலைய உட்டுப்போட்டு, வராத நோவைக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கறீங்களே! ஆஸ்பத்திரில வேற ஒண்ணும் குடுக்கலீங்களா?" என்றாள் பொன்னாத்தாள்.

"முட்டைய இனி அவனுக்குக் குடு" என்றார்.

கம்பவுண்டர் மாரப்பன் என்று கூப்பிட்டபோதெல்லாம் மணியன் எழுந்து போனான். ஐம்பதாவது ஊசியோடு உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தப் பார்த்தான். மிச்ச நாற்பது நாளும் மாரப்பன் அரை நாள் கூலியை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அடுத்த வருஷம் தை மாதம் கல்யாணம் நடந்தது.

மாரப்பன் மேலும் பதினெட்டு வருஷம் ஜின்னிங்கிலேயே அந்தப் பஞ்சுத் தூசுக்குள் இருந்தார். 1976இல் பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மணியன்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் புதியவர். பழைய பதிவேட்டைப் புரட்டினார்.

"முன்னாடியே டி.பி. வந்திருக்கே. மருந்து முழுசா எடுத்தீங்களா?"

மணியன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாரப்பன் முந்திக்கொண்டார். "ஆமாங்க. ஒண்ணு உடாம போட்டனுங்க."

பழைய நோய்தான் திரும்பியிருக்கிறது என்று டாக்டர் மறுபடியும் ஊசி எழுதினார். மாரப்பன் அதையும் ஒரு நாள் தவறாமல் போட்டுக்கொண்டார். மூச்சு அப்படியேதான் இருந்தது.